அப்பாவைக் கேளுங்கள், அப்புறம் ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள்

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 23. சென்ற ஆண்டு நிதித்துறையில் பட்டம் முடித்தேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் தண்டல், தொழிலாளர்களை மேற்பார்க்கும் வேலை. அம்மா வீட்டில் பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். படிக்கும்போதுதான் மதிப்பு முதலீடு பற்றித் தெரிந்துகொண்டேன். ஒரு நிறுவனத்தின் உண்மையான மதிப்பைக் கணக்கிட்டு, அதைவிடக் குறைந்த விலைக்குப் பங்கு கிடைக்கும்போது வாங்கிப் பொறுத்திருக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இதையே தொழிலாகச் செய்ய ஆசை. ஆனால் கோலாலம்பூரில் எனக்கு யாரையும் தெரியாது. அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. யூனிட் டிரஸ்ட் (கூட்டு முதலீட்டு நிதி) விற்கும் ஓர் ஏஜென்சி மட்டும் உடனே வந்து சேரச் சொல்கிறது. அப்பா, "ஈப்போவில் வங்கியின் கடன் பிரிவில் ஆள் எடுக்கிறார்களாம், அதற்குப் போ" என்கிறார். சிஎஃப்ஏ என்ற முதலீட்டு ஆய்வாளர் தேர்வை எழுதினால் கதவு திறக்குமா? இன்னொன்று. அப்பாவுக்கு அடுத்த ஆண்டு 55 வயது. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து என்னிடம் தருவதாகச் சொல்கிறார். அதை வைத்துத் தொடங்கலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவசரம் அதற்குத்தான்.

அப்பாவின் ஈபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். ஒரு பகுதியைக்கூட வேண்டாம். 55 வயதில் எடுக்கலாம் என்பது அவருடைய உரிமை. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அங்கேயே விட்டுவைத்தால் 100 வயது வரை லாப ஈவு சேர்ந்துகொண்டிருக்கும். சாதாரணச் சேமிப்புக்கு 2023-இல் 5.5 விழுக்காடு கொடுத்தார்கள், 2024-இல் 6.3 விழுக்காடு. எவ்வளவு மோசமான ஆண்டானாலும் அந்தச் சேமிப்புக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இந்தத் தொழிலில் ஊறியவர்களே ஆண்டுதோறும் ஆறு விழுக்காட்டை விடாமல் எட்டத் தடுமாறும்போது, கற்றுக்குட்டிக் காலத்தில் நீங்கள் எட்டிவிடுவீர்கள் என்று உங்கள் மேல் எவ்வளவு அன்பிருந்தாலும் என்னால் சொல்ல முடியாது. அதோடு, அப்பாவின் பணம் கையில் இருந்தால் பங்கு விலை இறங்கும் நாளில் நீங்கள் நிறுவனத்தைப் பற்றி யோசிக்க மாட்டீர்கள். வீட்டுக்குப் போய் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் யோசிப்பீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். பட்டம் வாங்கிய பிள்ளை பங்குச் சந்தை படித்திருக்கிறது என்று தெரிந்தால், பக்கத்து வீட்டு அத்தை, மாமா, கோயில் கமிட்டிக்காரர் என்று யாராவது பணத்தோடு வருவார்கள். லாபத்தில் பங்கு கேட்டோ கட்டணம் வாங்கியோ அடுத்தவர் பணத்தை நிர்வகிப்பதற்கு, மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் அதைத் தொழிலாகச் செய்தால் 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி 1 கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. நம் சனங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறும்போது கிடைத்த இழப்பீட்டுப் பணத்தை இப்படி நம்பிக் கொடுத்துவிட்டு நின்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் உங்கள் பெயர் வர வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

"மதிப்பு முதலீட்டாளர் தேவை" என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. நம் நாட்டில் இந்த வேலை நடக்கும் இடங்கள் குறைவு: ஈபிஎஃப், பிஎன்பி, கேவாப் போன்ற அரசு சார்ந்த பெரிய நிதிகள், தனியார் நிதி நிர்வாக நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகளின் ஆய்வுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் புதியவர்களுக்கான நாற்காலிகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். அந்த நாற்காலிக்கு நல்ல மதிப்பெண்ணோடு, வெளிநாட்டுப் பட்டத்தோடு, அப்பாவுக்குத் தெரிந்தவர் சிபாரிசோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்துக்குப் பதில் வராததற்கு உங்களிடம் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைப் படித்தவருக்கு உங்களை மற்ற நூறு பேரிடமிருந்து பிரித்துப் பார்க்க எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் அப்படி நிறைய விண்ணப்பங்கள் வருகின்றன. சான்றிதழ் இருக்கும், படம் இருக்கும், "முதலீட்டில் தீவிர ஆர்வம் உண்டு" என்று ஒரு வரி இருக்கும். எப்போதாவது ஒருவர், தான் ஆராய்ந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி இணைத்திருப்பார். அதை நான் திறக்காமல் விட்டதில்லை. தவறாகவே எழுதியிருந்தாலும் முழுதும் படிப்பேன், ஏனென்றால் இவர் எப்படி யோசிக்கிறார் என்று அதில் தெரிந்துவிடும். உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான். ஆர்வத்தைச் சொல்லாதீர்கள், செய்த வேலையை அனுப்புங்கள். ஆய்வு எழுத யாரும் உங்களை வேலைக்கு எடுக்க வேண்டியதில்லை. பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் காலாண்டுக் கணக்குகளும் நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோலாலம்பூரில் உள்ளவருக்கு ஒரு கணக்கு, சுங்கை சிப்புட்டில் உள்ளவருக்கு ஒரு கணக்கு என்று இல்லை.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கதையில் எல்லோரும் அவருடைய கோடிகளைச் சொல்கிறார்கள். உங்களுக்குத் தேவையான பகுதி அதற்கு முன்னால் இருக்கிறது. அவர் 1951-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மதிப்பு முதலீட்டின் தந்தை எனப்படும் பெஞ்சமின் கிரகாமிடம் படித்து முடித்தார். சம்பளமே வேண்டாம், உங்களிடம் வேலை செய்கிறேன் என்று ஆசிரியரிடம் கேட்டார். கிரகாம் மறுத்துவிட்டார். பஃபெட் நியூயார்க்கை விட்டு வெகு தூரத்தில் இருக்கும் சொந்த ஊரான ஒமாஹாவுக்குத் திரும்பி, தன் அப்பாவின் தரகு நிறுவனத்தில் பங்கு விற்கும் வேலை பார்த்தார். அந்த ஆண்டுகளில் நிறுவனக் கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்தார். தான் கண்டுபிடித்த பங்குகளைப் பற்றி கிரகாமுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1954-இல் கிரகாம் அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். எழுதி அனுப்பியதுதான் அவரை அவருடைய ஆசிரியர் நினைவில் வைத்திருந்தது.

எதை ஆராய்வது? பிள்ளைகள் பெரும்பாலும் தொழில்நுட்பப் பங்குகளில் தொடங்குகிறார்கள், பேச்சு அங்கே இருப்பதால். நீங்கள் செம்பனையில் தொடங்குங்கள். உங்கள் வீட்டில் ஒரு நிபுணர் இருக்கிறார். அவர் தினமும் விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறார்.

ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை, எந்த நிறுவனத்துடையதும் அல்ல. ஒரு தோட்ட நிறுவனத்துக்கு 10,000 ஹெக்டர் நடவு இருக்கிறது. பங்குச் சந்தையில் அதன் மொத்த விலை 60 கோடி வெள்ளி, கடன் 10 கோடி. ஆக மொத்த நிறுவனத்தையும் வாங்க 70 கோடி, அதாவது ஹெக்டருக்கு 70,000 வெள்ளி. ஹெக்டருக்கு ஆண்டுக்கு 20 டன் பழக்குலை வெட்டுகிறார்கள். ஆலையில் எண்ணெய் பிழியும் விகிதம் 20 விழுக்காடு என்றால், ஹெக்டருக்கு 4 டன் கச்சா எண்ணெய். ஒரு டன் எண்ணெய் எடுக்க எல்லாச் செலவும் சேர்த்து 2,500 வெள்ளி ஆகிறது. விலை டன்னுக்கு 4,000 வெள்ளி என்றால் ஹெக்டருக்கு 6,000 வெள்ளி மிஞ்சும், நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 6 கோடி. வரிக்கு முன்னால் பார்த்தால் போட்ட 70 கோடி திரும்ப 12 ஆண்டுகூட ஆகாது. பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது விலையை 3,000 வெள்ளிக்கு இறக்குங்கள். மிச்சம் ஹெக்டருக்கு 2,000 வெள்ளி, நிறுவனத்துக்கு 2 கோடி. அதே 70 கோடி திரும்ப 35 ஆண்டு. எண்ணெய் விலை கால்பங்கு இறங்கியதற்கு லாபம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இப்படி இறங்குமா என்றால், இறங்கும். 2018-இன் கடைசியில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 2,000 வெள்ளியை ஒட்டி விற்றது. 2022 மார்ச்சில் 7,000 வெள்ளியைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் 4,000-க்குக் கீழே வந்தது. 7,000 வெள்ளி விற்ற காலத்தின் லாபத்தை வைத்து ஒரு தோட்டப் பங்கை மலிவு என்று சொன்னவர்கள் அந்த லாபம் நிலைக்கும் என்று நம்பித்தான் சொன்னார்கள். நல்ல காலம், கெட்ட காலம் இரண்டும் சேர்ந்த பல ஆண்டுச் சராசரியை எடுத்து, அதிலும் கொஞ்சம் கழித்துக்கொண்டு விலை நிர்ணயிக்க வேண்டும் என்பது கிரகாம் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு இடைவெளி. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் இந்த விஷயம், இந்த ஒரு கணக்கை நீங்களே மூன்று விலைக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

இதுவரை எந்தப் பட்டதாரியும் செய்யலாம். இனிமேல்தான் அப்பா வருகிறார்.

அவரிடம் கேளுங்கள்: ஒரே மரக்கூட்டத்துக்குத் திரும்ப வெட்டப் போக எத்தனை நாள் ஆகிறது? ஆள் போதுமான அளவு இருந்தால் பத்துப் பதினைந்து நாளுக்குள் அடுத்த ரவுண்டு வந்துவிடும். ஆள் இல்லாவிட்டால் இருபது நாளுக்கு மேல் இழுக்கும். குலை அளவுக்கு மீறிப் பழுக்கும், உதிரிப் பழம் புல்லில் கிடந்து வீணாகும், ஆலைக்குப் போவதிலும் எண்ணெய்த் தரம் கெடும். கோவிட் காலத்தில் எல்லை மூடி இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் வரத்து நின்றபோது பல தோட்டங்களில் இதுதான் நடந்தது. எண்ணெய் விலை வானத்தில் இருந்தது, பழம் மரத்திலேயே அழுகியது. விலைப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் எதிர்பார்த்த லாபம் அந்தக் கணக்குகளில் முழுதாக வரவில்லை. தோட்டத்தில் இருப்பவருக்கு அது காலாண்டு அறிக்கை வருவதற்கு முன்பே தெரியும்.

மரத்தின் வயதையும் கேளுங்கள். நட்டு மூன்று ஆண்டில் காய்க்கத் தொடங்கும், எட்டு ஒன்பது ஆண்டிலிருந்து உச்சம், இருபதைத் தாண்டினால் இறங்குமுகம், ஏறத்தாழ 25-இல் வெட்டி மறுநடவு. வயதான மரம் உயரமாக இருக்கும். அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கிப் பிடித்து வெட்டுகிறவருக்குக் கழுத்தும் தோளும் போய்விடும், ஒரு நாளில் வெட்டும் குலையும் குறையும். நல்ல நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் மரங்களை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும். பாதிக்கு மேல் கிழட்டு மரம் என்றால், இன்றைய லாபத்தில் ஒரு பகுதி நாளைய மறுநடவுக்குப் போக வேண்டிய பணம். மறுநடவு செய்த இடத்தில் மூன்று ஆண்டுக்கு வருமானமும் இல்லை. மறுநடவைத் தள்ளிப்போடும் நிர்வாகம் கொஞ்ச காலத்துக்கு நல்ல லாபம் காட்டும்.

உரமும் அப்படித்தான். நான் ஈப்போவில் ஒரு தணிக்கை நிறுவனத்தில்தான் வேலையைத் தொடங்கினேன். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தோட்டத்து ஸ்டோருக்கு உர மூட்டை எண்ண அனுப்புவார்கள். ஸ்டோர் கிராணி (எழுத்தர்) பதிவேட்டை வைத்துக்கொண்டு நிற்பார், நான் அடுக்கை எண்ணுவேன். முன்வரிசையைப் பார்த்துப் பெருக்கிவிட்டால் போதாது, மேலே ஏறி நடுவில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிராணிதான். அவரேதான் இன்னொன்றும் சொன்னார். கம்பெனிக்குக் காசு முடை வந்தால் முதலில் வெட்டுவது உரத்தை. அந்த ஆண்டு செலவு குறைந்து லாபம் கூடும், விளைச்சல் அடிவாங்குவது ஓராண்டு இரண்டாண்டு கழித்துத்தான். இன்றுவரை எந்தத் தோட்ட நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்தாலும் லாபம் ஏறியிருந்தால் ஹெக்டருக்கு உரச் செலவு என்ன ஆனது என்று தேடுகிறேன்.

உங்களுக்குப் பயிற்சிக்குப் பொருத்தமான நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. கேஎல்கே என்று எல்லோரும் சொல்லும் கோலாலம்பூர் கெப்போங் நிறுவனத்தின் பெயரில்தான் கோலாலம்பூர். தலைமையகம் ஈப்போவில், ஜாலான் எஸ்.பி. சீனிவாசகத்தில். உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். அதன் விற்பனையில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்து வேதிப்பொருள் செய்யும் ஆலைகளிலிருந்து வருகிறது. லாபத்தில் தோட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் பாருங்கள், அதுவே தனிப் பாடம். கேஎல்கேயில் ஏறத்தாழப் பாதிப் பங்கை வைத்திருப்பது பத்து கவான் என்ற இன்னொரு பட்டியலிட்ட நிறுவனம். அதன் கையில் உள்ள கேஎல்கே பங்குகளின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, பத்து கவானின் மொத்தச் சந்தை மதிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு இடைவெளி தெரியும். புதியவர்கள் அங்கே "கண்டுபிடித்துவிட்டேன்" என்று குதிப்பார்கள். அந்த இடைவெளி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஏன் மூடவில்லை, எது நடந்தால் மூடும், அதுவரை ஈவுத்தொகை பொறுத்திருக்கும் அளவுக்கு வருகிறதா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக எழுதும் பதில்தான் ஆய்வு. (இந்தப் பங்குகளை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள் என்கிறேன்.) ஒப்பிட்டுப் பார்க்க யுனைடெட் பிளான்டேஷன்ஸ் அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் ஒரு டென்மார்க்குக்காரர் தொடங்கியது. இன்றும் தலைமையகம் தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆண்டறிக்கையின் பின்பகுதியில் சொத்துப் பட்டியல் இருக்கும். எந்தத் தோட்டம், எத்தனை ஹெக்டர், நிரந்தர உரிமையா குத்தகையா, எப்போது வாங்கியது அல்லது கடைசியாக மதிப்பிட்டது, புத்தக விலை என்ன. பல பத்தாண்டுக்கு முந்தைய விலையில் நிற்கும் நிலத்தின் பக்கத்திலேயே இப்போது நெடுஞ்சாலை போயிருக்கலாம். இதை மறைந்திருக்கும் மதிப்பு என்பார்கள். மதிப்பு முதலீட்டாளர்கள் ஆசையாகத் தேடுவது இதைத்தான். இங்கே உங்களிடம் ஒன்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நிலத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, சில இடங்களில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது அந்தச் சனங்கள் எங்கே போனார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆய்வு எழுதும்போது "நிலத்தின் சந்தை மதிப்பு இவ்வளவு" என்று ஒரு வரியோடு தாண்டிப் போகாதீர்கள். அங்கே எத்தனை குடும்பம் இருக்கிறது, மாற்று வீட்டுக்கு நிறுவனம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது, வழக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடி எழுதுங்கள். அது செலவு, அது தாமதம், ஆகவே கணக்கில் வர வேண்டியது. கணக்கில் வராவிட்டாலும் எழுதப்பட வேண்டியது.

உங்கள் ஊரில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தக் காரணத்துக்காகத்தான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, பால்மரம் வெட்டி ரப்பர் எடுத்தவர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்தார்கள். கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய சின்னச் சின்னச் சந்தாவைச் சேர்த்துத் தொழிலாளர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். விற்பவர் அவசரத்தில் இருக்கும்போது, அந்தச் சொத்து என்ன தரும் என்று மரத்துக்கு மரம் தெரிந்தவர்கள் சேர்ந்து வாங்கியது அது. மதிப்பு முதலீடு நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

இப்போது கைவசம் உள்ள இரண்டு வேலைகள். ஏஜென்சி வேலை கேவலமான வேலை இல்லை, ஆனால் அது விற்பனை வேலை. சேர்ந்த முதல் வாரமே சொந்தக்காரர், தோழிகள் என்று நூறு பெயர் எழுதித் தரச் சொன்னார்களானால் உங்களிடம் அவர்கள் எதிர்பார்ப்பது அந்த நூறு பெயரைத்தான். வருமானம் கமிஷனைப் பொறுத்தது. நிறுவனக் கணக்கைப் படிக்கும் பழக்கம் அங்கே வராது. அப்பா சொல்கிற வங்கிக் கடன் பிரிவு இதைவிட எவ்வளவோ மேல், அவர் பக்கம்தான் நான். ஒரு சின்ன ஆலைக்காரர் கடன் கேட்டு வந்தால் அவருடைய மூன்றாண்டுக் கணக்கைப் பிரித்து, இந்தப் பணம் திரும்பி வருமா, வராவிட்டால் எதை விற்று எடுப்பது என்று பார்ப்பீர்கள். முதலில் நஷ்டத்தை யோசிப்பது என்ற குணம் கடன் கொடுப்பவரிடம்தான் நன்றாக வளரும். அதற்கு இணையாக நான் சொல்வது தணிக்கை. ஈப்போவில் நிறுவனங்கள் உண்டு. ஜனவரியிலிருந்து சில மாதம் தூக்கம் இருக்காது, சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் லாபம் எப்படி உண்டாகிறது, எப்படி உண்டாக்கப்படுகிறது என்று இரண்டையும் பார்ப்பீர்கள். இரண்டு மூன்று ஆண்டு இதில் எதையாவது செய்துவிட்டு ஆய்வுப் பிரிவுக்குப் போனவர்கள் நேராகப் போனவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல.

சிஎஃப்ஏ இப்போது வேண்டாம். முதல் நிலைக்கே ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும். மூன்று நிலையும் தேறினாலும் குறைந்தது 36 மாதத்தில் 4,000 மணி நேரத் தொழில் அனுபவம் காட்டினால்தான் பட்டயம் கிடைக்கும். வேலையில் சேர்ந்த பிறகு, கட்டணத்தை ஏற்கும் முதலாளி கிடைத்தால் எழுதுங்கள். உரிமத் தேர்வுகளை செக்யூரிட்டிஸ் கமிஷனின் பயிற்சி நிறுவனமான எஸ்ஐடிசி நடத்துகிறது. அதில் நிதி அறிக்கைப் பகுப்பாய்வுத் தாளின் பாடத்திட்டத்தை எடுத்து இப்போதே படிக்கலாம். உரிமம் என்னவோ உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு அதன் வழியாகத்தான் கிடைக்கும். செக்யூரிட்டிஸ் கமிஷன் 2022-இல் தொடங்கிய இன்வெஸ்டெட் என்ற பட்டதாரித் திட்டம் மூலதனச் சந்தை நிறுவனங்களில் பயிற்சி இடம் கொடுக்கிறது. ஆள் தெரியாதவர்களுக்கு அது நல்ல வாசல். விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறை ஆங்கிலத்தில் நடக்கிறது. அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். முதலில் தமிழில் யோசித்து எழுதிப் பாருங்கள், வாதம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். அலங்காரம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

சொந்தப் பணம் போடத்தான் வேண்டுமா? முதல் சம்பளம் வந்து, பிடிபிடிஎன் கல்விக் கடன் தவணை கட்டி, ஆறு மாதச் செலவு கையில் சேர்ந்த பிறகு கொஞ்சம் போடுங்கள். நம் சந்தையில் வழக்கமாக 100 பங்கு கொண்ட தொகுதியாகத்தான் வாங்குவார்கள். தரகுக்குக் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. அது 8 வெள்ளி என்று வைத்தாலும், 300 வெள்ளிக்கு வாங்கி விற்றால் 16 வெள்ளி போய்விடும், ஐந்து விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே அடிக்கடி வாங்கி விற்கும் பேச்சுக்கே இடமில்லை. பங்குதாரராக ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகலாம் என்பது முக்கியமான லாபம். கேஎல்கேயின் கணக்கு ஆண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது, கூட்டம் வழக்கமாகப் பிப்ரவரியில். சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழுவான எம்எஸ்டபிள்யூஜி, தான் கண்காணிக்கும் நிறுவனங்களிடம் கூட்டத்துக்கு முன்னால் கேட்கும் கேள்விகளை வெளியிடுகிறது. அவற்றைப் படித்தாலே கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிடும்.

அறிக்கை நாலு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, மதிப்பு என்று நீங்கள் சொல்லும் எண் எப்படி வந்தது, சந்தை ஏன் அதைவிடக் குறைவாக விலை போடுகிறது, நீங்கள் சொன்னது தவறாகப் போவதற்கு என்னென்ன வழி. கடைசிக்கு அதிக இடம் கொடுங்கள், படிப்பவர் அங்கேதான் நிற்பார். தேதி போடுங்கள். ஒரு ஆண்டு கழித்து அதே நிறுவனத்தைப் பற்றி, எங்கே சரியாகச் சொன்னீர்கள், எங்கே தவறினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். இப்படி மூன்று நிறுவனம் கையில் இருந்தால் ஆய்வுப் பிரிவுத் தலைவர்களுக்கு நேரடியாக அனுப்பலாம். அவர்களுடைய பெயர்கள் அவர்கள் வெளியிடும் ஆய்வறிக்கைகளிலேயே இருக்கும். வேலை கேட்காதீர்கள், கருத்துக் கேளுங்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒன்றிரண்டு பேர் பதில் போடுவார்கள். அது போதும்.

முதல் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது ஆண்டறிக்கையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று குறித்திருக்க வேண்டும். அப்பா சொன்னதை எடுத்திருந்தால், அதற்குப் பக்கத்தில் அப்பா என்றே எழுதுங்கள்.